புளியை எப்போது ஊற்றுவது?

கெமிஸ்ட்ரியிடமிருந்து தப்பித்து ஓடத்தான் நான் மைக்ரோபயாலஜியில் சேர்ந்தேன். இதை இன்றுவரை எந்த இன்டர்வியூவிலும் நான் ஒப்புக்கொண்டதில்லை. "சின்ன வயசிலிருந்தே நுண்ணுயிர்கள் மேல ஆர்வம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். (சின்ன வயதில் எனக்கு ஆர்வம் இருந்தது வடாபாவ் மேல் மட்டும்தான்.) பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி என்னைப் படுத்திய பாட்டில், இந்த அணு, அயனி, பிணைப்பு எதுவும் இனி வேண்டாம் சாமி, உயிருள்ளது எதையாவது படித்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். கிருமிக்கு உயிர் இருக்கிறது. உயிர் இருக்கும் இடத்தில் கெமிஸ்ட்ரிக்கு என்ன வேலை?

கல்லூரியில் முதல் நாள், முதல் பீரியட். பேராசிரியை போர்டில் எழுதிய தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நுண்ணுயிரியலுக்கு வேண்டிய அடிப்படை வேதியியல்'. அணு, அயனி, பிணைப்பு என்று வரிசை மாறாமல் எல்லாம் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. கூடவே பி.ஹெச். என்றொரு புதுப் பிசாசு.

அந்தப் பேப்பரை நான் முறைப்படி எதிர்கொண்டேன். அதாவது, மனப்பாடம் செய்தேன். 'பி.ஹெச். என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்க்குறி மடக்கை' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று விழித்திருக்கும்போது கேட்டாலும் தெரியாது. அறுபத்தெட்டு மார்க் வாங்கினேன். பரீட்சை முடிந்த மறுநாள் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, அதோடு தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

படிப்பு முடிந்து ஏழெட்டு மாதம் அலைந்த பிறகு கசார்வாடியில் ஒரு சின்ன உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் தயாரிப்பவர்கள் மாதிரி அனுப்புவார்கள். அதில் எத்தனை பாக்டீரியா, எத்தனை பூஞ்சை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. மொத்தம் ஆறு பேர். அந்தக் கூடத்தைத் தனியாளாக ஆரம்பித்து நடத்தி வந்தவர் வைஷாலி மேடம். குட்டையான உருவம், கோபம் வந்தால் மட்டும் இரண்டடி வளர்ந்துவிடுவார். மூன்று மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் இந்த வேலையை ஏற்கெனவே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அப்பா ரயில்வேயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். கோர்படியில் குவார்ட்டர்ஸ். வாசலுக்கு வெளியே இந்தியும் மராத்தியும், உள்ளே கலப்படமில்லாத திருநெல்வேலித் தமிழ். (கலப்படமில்லாத என்பது அம்மாவின் அபிப்பிராயம். "ஜல்தி வா, சப்ஜி ஆறிப்போவுது" என்பதுதான் அவளுடைய கலப்படமில்லாத தமிழ்.) அம்மா அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்க, "எங்க செல்வி சயின்டிஸ்ட் ஆயிட்டா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இரண்டரை மாதம் நல்லபடியாகத்தான் போயிற்று. அப்போது ஒரு பெரிய ஸ்குவாஷ் கம்பெனி தன் மாதிரிகளையெல்லாம் எங்களிடம் தரலாமா என்று யோசித்தது. அதன் தர அதிகாரி ஒருவர் நேரில் வந்து கூடத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவரை நாங்கள் ஆடிட்டர் சார் என்றே சொன்னோம். அவர் சரி என்றால் கூடத்துக்கு இன்னொரு அறை எடுக்கலாம், என் வேலையும் உறுதி. வேண்டாம் என்றால் இருக்கிற ஆறு பேரே அதிகம்.

முந்தின நாள் வைஷாலி மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, பூஞ்சை டெஸ்டை நீதான் செஞ்சு காட்டற. ஈஸியானது. நீ வாயைக் குறைச்சு, கையைக் கவனிச்சாப் போதும். காய் களலா?"

"களல, மேடம்," என்றேன். (புரிந்ததா என்று கேட்டார், புரிந்தது என்றேன். எங்கள் உறவில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு வார்த்தையில்தான்.)

அந்த டெஸ்ட் உண்மையிலேயே எளிதானது. உருளைக்கிழங்குச் சத்தும் சர்க்கரையும் அகாரும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அகார் என்றால் வேறொன்றுமில்லை, இனிப்பு செய்யப் போடும் சைனா கிராஸ். அந்தக் கரைசலை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்பது படித்த பிரஷர் குக்கர். வெளியே எடுத்து, கை பொறுக்கிற சூடு வந்ததும் கொஞ்சம் டார்டாரிக் ஆசிட் ஊற்றி பி.ஹெச்.சை மூன்றரைக்குக் கொண்டுவர வேண்டும். புளிப்பு அதிகமானால் பாக்டீரியா தலையெடுக்காது, பூஞ்சை மட்டும் வளரும். பிறகு மாதிரியோடு சேர்த்துக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் ஆறி ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். உறைந்ததும் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கி, சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் தப்பு செய்ய எதுவுமே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அன்றைக்கு என்று பார்த்து மழை. லோக்கல் ரயில் வழியில் நின்று நின்று, நான் கசார்வாடியில் இறங்கியபோது மணி ஒன்பதரை. பதினொன்றரைக்கு ஆடிட்டர். ஆட்டோகிளேவ் சூடாகி, வேலை முடித்து, இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்புறம் ஆற வைத்து, ஆசிட் ஊற்றி, கலக்கி, அளந்து, தட்டில் ஊற்றி...

அப்போதுதான் என் மூளையில் அந்த விளக்கு எரிந்தது. (பிற்காலத்தில் அம்மா இதை 'ஃபியூஸ் போன நேரம்' என்று குறிப்பிடுவாள்.) ஆசிட்டை முதலிலேயே ஊற்றிவிட்டால் என்ன? முன்னால் போட்டாலும் ஆசிட்தான், பின்னால் போட்டாலும் ஆசிட்தான். இத்தனை வருடமாக இவ்வளவு பேர் இதை யோசிக்கவில்லையே என்று அவர்கள் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

ஊற்றினேன். அவசரத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டரை காட்டியது. வேண்டியது மூன்றரை. ஒன்றுதானே குறைவு! ஃபேனை மூன்றில் வைப்பதற்குப் பதில் இரண்டில் வைத்தால் யாராவது செத்தா போகிறார்கள்? பி.ஹெச். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது என்பதுதான் அந்த 'எதிர்க்குறி மடக்கை'க்கு அர்த்தம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒப்பிக்க மட்டும்தானே தெரியும்! குடுவையை ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடினேன்.

பதினொன்றுக்கு எடுத்து, ஆற வைத்து, ஆறு தட்டுகளில் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் உறைய வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஒரு தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அலை அடித்தது. மழைக் காலம், ஈரப்பதம் அதிகம், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏ.சி.யைப் பதினாறில் வைத்தேன். இன்னும் பத்து நிமிடம் போனதும் மறுபடி தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டுகிறேன், கதவு திறக்கிறது. முன்னால் ஆடிட்டர், பின்னால் வைஷாலி மேடம், அவருக்குப் பின்னால் எங்கள் மொத்தப் படையும்.

ஆடிட்டர் உயரமான மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. காலில் வெளிர் பழுப்பு நிற ஷூ. பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்ற தோல், பார்த்தாலே தடவிக்கொடுக்கத் தோன்றும். ஷூவுக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை அன்றைக்குத் தீர்ந்து போயிருந்தது. அதை அவரே முதல் குறையாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். (தீர்க்கதரிசி.)

நான் செய்முறையைச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் இந்தியில் கேட்டார்:

"தட்டை எதுக்குக் கவிழ்த்து வைக்கறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்! அந்த முழுப் படிப்பில் அர்த்தத்தோடு தெரிந்த நாலைந்து விஷயங்களில் இது ஒன்று. வாயைக் குறைச்சு, கையைக் கவனி என்று மேடம் சொன்னது காற்றோடு போயிற்று.

"மூடியில நீராவி படியும் சார். சொட்டு சொட்டா மேல விழுந்தா, வளர்ற பூஞ்சையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், எண்ண முடியாது. அதனால ஆறு தட்டையும் சேர்த்துப் பிடிச்சு, இப்படி..."

ஆறு தட்டுகளின் அடுக்கை ஒரே கையில் எடுத்து, சினிமாவில் ஹீரோ கறுப்புக் கண்ணாடி மாட்டுவது மாதிரி ஒரு சுழற்று சுழற்றிக் கவிழ்த்தேன்.

ஆறு தட்டும் ஒரே நேரத்தில் வடிந்தன. உருளைக்கிழங்கு, சர்க்கரை, டார்டாரிக் ஆசிட், சோதனைக்கு வந்த மாம்பழ ஸ்குவாஷ் எல்லாம் கலந்து மஞ்சளாக ஒரு திரவம் மேஜை விளிம்பு வழியாக நிதானமாக இறங்கி ஆடிட்டரின் இரண்டு ஷூவையும் நனைத்தது.

கீழே பட்டறையில் லேத் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

அதோடு நான் நிறுத்தியிருந்தால் இது வெறும் விபத்தாகப் போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. மேஜையில் கை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, "ஸாரி சார், ஒரே நிமிஷம் சார்" என்று தரையில் உட்கார்ந்து, அவர் வலது ஷூவில் பீய்ச்சி, பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்று இன்னும் உற்சாகமாகத் துடைத்தேன். போனது அழுக்கில்லை, சாயம். எது எதில் கரையும் என்பதும் அதே முதல் பேப்பரில்தான் இருந்தது.

"அக பாயி!" என்றார் வைஷாலி மேடம். (இது மராத்தியில் 'அய்யய்யோ'. தமிழில் எழுதும்போது பாதிச் சூடு குறைந்துவிடுகிறது.)

எழுந்து பார்த்தால் ஒரு ஷூ பழுப்பு, இன்னொன்று திட்டுத் திட்டாக வெளுத்த ஆட்டுக்குட்டி. ஆடிட்டர் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். எங்கள் பாத்ரூம் வாசலில் கிடந்த நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மீதிக் கூடத்தையும் சுற்றிப் பார்த்தார். அந்தச் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் பட் பட் என்று அடித்த சத்தம், என் கன்னத்தில் விழுந்த மாதிரியே இருந்தது.

கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார், "யார் தப்புன்னு எனக்கு வேண்டாம். ஏன் உறையலைன்னு காரணம் வேணும். திங்கட்கிழமை முடியறதுக்குள்ள எழுத்துல அனுப்புங்க. 'கவனக்குறைவு'ன்னு எழுதினா அதைக் காரணமா எடுத்துக்க மாட்டேன்."

வைஷாலி மேடம் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீயே கண்டுபிடி. நீயே எழுது," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, அப்பா, முருகேசன் அண்ணன் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

"ஏட்டி, என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு அழு," என்றாள் அம்மா.

சொன்னேன். ஷூ கட்டம் வந்ததும் அண்ணன் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினான். அழுகிறான் என்று நினைத்து ஒரு நிமிடம் நெகிழ்ந்துபோனேன். படுபாவி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன ஆசிட்டு?" என்று கேட்டாள் அம்மா.

"டார்டாரிக் ஆசிட்மா. புளியில இருக்கிறது."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப அந்த மனுசன் கால்ல ரசத்தையா ஊத்திட்டு வந்திருக்க?"

அண்ணனுக்கு இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், தரையில் உட்கார்ந்தே சிரித்தான். அம்மா விடவில்லை. "ஏளா, புளிய எப்ப ஊத்தணும்னுகூடவா தெரியாது? பருப்பு வெந்த பொறவுல்லா ஊத்தணும். மொதல்லயே ஊத்துனா எப்படி வெளங்கும்?"

"அது வேற கெமிஸ்ட்ரிம்மா," என்று எரிந்து விழுந்தேன். உண்மையிலேயே அது வேறுதான். புளி போட்டால் பருப்பு வேகாமல் கெட்டிப்படும். என் அகாரோ கெட்டிப்படாமல் கரைந்துபோனது. நேர் எதிர். ஆனால் அந்த வரிசை? முதலில் சூடு, பிறகு புளி. நான் மாற்றியது அந்த வரிசையைத்தானே?

மறுநாள் சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய் சைனா கிராஸ் பாக்கெட் வாங்கி வந்தேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் சைனா கிராஸோடு புளித்தண்ணீர். இன்னொன்றில் சைனா கிராஸும் தண்ணீரும் மட்டும். அதற்கான புளித்தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்துக்கொண்டேன். டம்ளர் இரண்டும் குக்கருக்குள் போயின. இரண்டு விசில் விட்டு இறக்கி, புளியில்லாத டம்ளரில் புளித்தண்ணீரைக் கலந்து, ஆற வைத்தேன். குடும்பமே அடுப்படியில் நின்றது. அண்ணன் மட்டும் செருப்பைக் கழற்றித் தூர வைத்துவிட்டு வந்து நின்றான்.

கவிழ்த்தேன். இரண்டுமே உறைந்திருந்தன. சொட்டுக்கூட விழவில்லை.

அதைவிட அவமானம் ஒரு மனுஷிக்கு உண்டா? லேபில் உறைய வேண்டியது உறையவில்லை, வீட்டில் உறையக் கூடாதது உறைகிறது. மறுபடி அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் சாதாரணமாகக் கேட்டார்.

"ஒங்க மிஷின்ல ரெண்டே விசில்தானா பிள்ள?"

ரெண்டு விசிலா! அங்கே கொதிக்கிற சூட்டில் இருக்கிற நேரம் மட்டுமே முக்கால் மணிக்கு மேல். திரும்பவும் வைத்தேன். இந்த முறை புளியையும் நன்றாகக் கெட்டியாகக் கரைத்து, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். அம்மா எண்ணிக்கொண்டிருந்த விசில்கள் பதினாறோ பதினேழோ. (அடுத்த வீட்டு நாயர் மாமி ஜன்னல் வழியாக, "என்ன, ஆட்டுக்காலா?" என்று கேட்டார்.)

ஆறியதும் கவிழ்த்தேன். பின்னால் புளி ஊற்றிய டம்ளர் அப்படியே நின்றது. முன்னால் புளி ஊற்றியது அண்ணன் பிடித்திருந்த தட்டில் கொழகொழவென்று ஓடியது. நான் கத்திய கத்தலில் நாயர் மாமி மறுபடி ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க தோழி ஒருத்தியிடம் கடன் வாங்கிய முதலாண்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அகார் என்பது ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் கை கோத்து நிற்கிற நீளமான சங்கிலி. ஆறும்போது அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதுதான் ஜெல்லி. ஆசிட்டும் சூடும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தால் சங்கிலி இடை இடையே அறுகிறது. அறுந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்வதால் மறுபடி ஒட்டாது. துண்டு துண்டானது எதைப் பின்னும், எதைப் பிடிக்கும்? ஆறிய பிறகு ஆசிட் ஊற்றினால் அறுக்கச் சூடு இல்லை, சங்கிலி தப்பித்துவிடுகிறது. நானோ பத்து மடங்கு ஆசிட்டைக் கொடுத்து, கொதிக்கவும் வைத்திருக்கிறேன்.

"கப்ளிங் கழண்டா பெட்டி தனித்தனியா நிக்கும்லா, அப்படியா?" என்றார் அப்பா.

அப்படியேதான். மூன்று வருடம் மனப்பாடம் செய்தது முதல் தடவையாக எனக்குப் புரிந்தது அந்தச் சனிக்கிழமைதான். பயம் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கு நடுவில், சொன்னால் வெட்கக்கேடு, எனக்குக் கெமிஸ்ட்ரி பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை காலை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் நான் ஒட்டியிருந்த டம்ளர் போட்டோவைப் பார்த்த வைஷாலி மேடம் நெற்றியில் கை வைத்தார்.

"அரசாங்க அங்கீகாரம் உள்ள லேபோட ரிப்போர்ட்ல குக்கரா? டம்ளர்ல உங்க அப்பா பேர் வேற வெட்டியிருக்கு!"

"காரணம் சரிதானே மேடம்?"

அவர் நாலு குடுவைகளை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு விதமான பி.ஹெச்., ஒரே சூடு, ஒரே நேரம். அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்தோம். ஆசிட் போடாதது கல் மாதிரி நின்றது, அடுத்தது நின்றது, மூன்றரை தளும்பியது, இரண்டரை தண்ணீராக ஓடியது. மேடம் அந்தக் கடைசிக் குடுவையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"இருபது வருஷமா அப்புறம்தான் ஊத்தறேன். புத்தகத்துல அப்படி இருக்கு, ஊத்தறேன். அது ஓடறதை இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன்," என்றார்.

சாயங்காலம் ரிப்போர்ட் போயிற்று. பதில் வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நான் ஒரு பக்கம் வேலை செய்துகொண்டே இன்னொரு பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பதில் மூன்றே வரி. 'காரணம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து மாதிரிகள் அனுப்புகிறோம். செய்முறை காட்டும் ஊழியர் பார்வையாளரிடமிருந்து ஐந்தடி தள்ளி நிற்பது நல்லது.' மூன்றாவது வரியை மட்டும் மேடம் பெரிய எழுத்தில் அச்சடித்து, என் மேஜைக்கு நேர் எதிரே ஒட்டினார். மாத முடிவில் என்னை நிரந்தரமாக்கிய கடிதத்தைக் கொடுத்தபோதுகூட ஐந்தடி தள்ளி நின்றுதான் நீட்டினார்.

அங்கேதான் இன்னும் இருக்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ செய்வது என் பொறுப்பு. ஹைட்ரஜன் அயனி, எதிர்க்குறி மடக்கை எதையும் நான் கேட்பதில்லை. வரணுக்குப் புளியை எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்கிறேன். (வரண் என்பது மராத்திக்காரர்களின் பருப்புக் குழம்பு.) போன மாதம் சாதாராவிலிருந்து வந்த ஒரு பெண், "பருப்பு வெந்ததுக்கு அப்புறம்தான் மேடம், ஆனா ஏன்?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த 'ஏன்'னுக்காகவே அவளை எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் ஆபீஸ் மரியாதை. வீட்டில் அந்த மரியாதை செல்லாது. சாகணில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் ஷூவைக் கழற்றினார். கழற்றின வேகத்தில் முருகேசன் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் பீரோவில் வைத்துப் பூட்டினான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க செல்வி கையில ஏதாவது தண்ணியாட்டம் இருந்துதுன்னா நாங்க கொஞ்சம் உஷாரா இருப்போம்," என்றான் அண்ணன்.

கையில் காபித் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் நானே சொன்னேன். நான் முடித்ததும் அவர் வெகு கவலையோடு கேட்டார்:

"ஏனுங்க, அந்த ஷூவுக்கு அப்புறம் கலர் வந்துச்சுங்களா?"

இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாதம் நான் போடலாம், பொரியல் நான் வைக்கலாம், பாயசம்கூட நான் ஊற்றலாம். ரசம் என்று வரும்போது மட்டும் அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்கிறார். விருந்தாளியும் காலை மடக்கி நாற்காலிக்கு மேலே வைத்துக்கொள்கிறார். எல்லோருக்கும் கதை தெரியும்.